சுவர் கோயிலுடையது, பணம் யாருடையது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மறுமலர்ச்சிக் காலச் சுவரோவியங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் எல்லாவற்றுக்கும் திருச்சபையே செலவு செய்தது போல அதில் எழுதியிருந்தது. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்துக்கு அது பொருந்தும், அங்கே போப்பாண்டவரே முதலாளி. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்துக் கதை வேறு. அங்கே சுவர் துறவியர் வசம் இருந்தது, பணம் பெரும்பாலும் வணிகக் குடும்பங்களிடமிருந்து வந்தது. கோயிலுக்குள் ஒரு சிற்றாலயத்தின் உரிமையை ஒரு குடும்பம் பெற்றுவிட்டால், தங்கள் வீட்டில் இறந்தவர்களை அங்கே அடக்கம் செய்யலாம், அவர்களுக்காகத் திருப்பலி வைக்கலாம், சுவரில் படமும் எழுதுவிக்கலாம்.

பிளாரன்ஸின் மெடிச்சி குடும்பம் நடத்திய வங்கியின் பொது மேலாளர் பிரான்செஸ்கோ சாசெத்தியையே பாருங்கள். சாந்தா மரியா நோவெல்லா கோயிலில் அவர் குடும்பத்துக்குப் பழைய உரிமை உண்டு. தன் பெயர்கொண்ட புனிதரான அசிசி நகர் பிரான்சிஸின் (அசிசியாரின்) வரலாற்றை அங்கே வரையவைக்க ஆசைப்பட்டார். அது டொமினிக்கன் துறவியர் சபையின் கோயில். இன்னொரு சபையை நிறுவியவரைத் தங்கள் சுவரில் ஏற்ற அவர்களுக்கு மனம் வரவில்லை என்பார்கள் வரலாற்றாளர்கள். சரி என்று சாசெத்தி சாந்தா திரினிதா என்ற வேறு கோயிலுக்குப் போய்விட்டார்.

அங்கே ஓவியர் கிர்லாண்டாயோ 1485 வாக்கில் முடித்த ஓவியத்தில், அசிசியாரின் சபை விதிகளைப் போப்பாண்டவர் ஏற்கிறார். நடந்தது ரோமில், பின்னணியில் தெரிவதோ பிளாரன்ஸ் சதுக்கம். முன்வரிசையில் வங்கியின் முதலாளி லொரென்சோ மெடிச்சியும் பக்கத்திலேயே சாசெத்தியும் பெரிதாக நிற்கிறார்கள், புனிதர் பின்னால் சிறிதாகத் தெரிகிறார். சாமி பேரைச் சொல்லி முதலாளியைக் கும்பிட்ட கதைதான்! அந்த ஆண்டுகளில் வங்கியின் லியோன் கிளை நஷ்டத்தில் மூழ்கிக்கொண்டிருந்தது, மேலாளருக்கு முதலாளியின் தயவு தேவைப்பட்ட நேரம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதே 1485இல் கிர்லாண்டாயோவை சாந்தா மரியா நோவெல்லாவின் முதன்மைச் சிற்றாலயத்துக்கு ஒப்பந்தம் செய்தவர் ஜொவான்னி தொர்னபுவோனி, லொரென்சோவின் தாய்மாமன். கூலி 1,100 பொன் ஃபுளோரின். மரியாளோடு திருமுழுக்கு யோவானின் கதையும் வேண்டும் என்றார். ஜொவான்னி என்றாலே யோவான்தான். இந்தப் புனிதரைத் துறவியர் மறுக்க வழியே இல்லை! வரைபடங்களை முன்கூட்டியே தன்னிடம் காட்ட வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டார். கெட்டிக்காரர். ஈரச் சுண்ணாம்புப் பூச்சில் வண்ணம் ஏறிக் காய்ந்துவிட்டால், பூச்சைக் கொத்தி எடுக்காமல் பெரிதாக எதையும் மாற்ற முடியாது.

கட்டுரையின் அடுத்த பகுதியில் படங்களின் கீழே ஓவியர் பெயரோடு பணம் கொடுத்தவரின் பெயரையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி