கூண்டு மட்டும் போதாது, அடியில பலகை வேணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நான் பாளையங்கோட்டைல இருந்து எழுதுதேன். வீட்ல நாய் வளத்து அதை கார்ல கூட்டிட்டுப் போற எல்லாருக்கும் இது போய்ச் சேரணும்னுதான் எழுதுதேன், தயவு செஞ்சி போடுங்க.

எங்க வீட்ல சிப்பிப்பாறை பொட்டை ஒண்ணு இருக்கு, 4 வயசு, 21 கிலோ, செவலைன்னு கூப்பிடுவோம். போன மழைக்காலத்துல அதை ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு கூட்டிட்டுப் போனேன், பின் சீட்டை மடக்கிட்டு கம்பிக் கூண்டை அப்படியே தூக்கி வச்சாச்சு, கூண்டுக்குள்ள இருக்கு இனிமே என்னன்னு நெனச்சேன். வண்ணார்பேட்டைல குறுக்க ஒரு ஆட்டோ வந்துட்டு, பிரேக் அடிச்சேன், கூண்டு முழுசா சறுக்கி முன் சீட்டுல போய் இடிச்சி செவலைக்கு முன்னங்கால் நகம் பிஞ்சி ரத்தம் வந்துட்டு. அது கத்தின கத்து இன்னும் காதுல கெடக்கு. அம்பது கிலோமீட்டர் வேகம்னா ஒரு செகண்டுல 46 அடி போறோம், வண்டி நின்னாலும் கூண்டு நிக்காதுய்யா.

சீட்டை மடக்கினா தரை சமமா வராது, பாத்துக்கிடுங்க. டிக்கி பள்ளமா கெடக்கும், நடுவுல ஒரு படி மாதிரி நிக்கும், மடக்குன சீட்டு முன்னால பாத்து மேல ஏறும். அதுல கூண்டு ஆடிக்கிட்டே இருக்கும், நாயும் வழி நெடுக கால ஊனி ஊனி நின்னுக்கிட்டே வரும், அதுக்குத்தான் வாந்தி, எச்சி, மூச்சிரைப்பு எல்லாம்னு எனக்கு இப்ப தோணுது.

கூண்டு ஆடாம நிக்க அடியில சமமா ஒரு பலகை வேணும்னு எங்க தெரு ஆசாரி அண்ணாச்சிகிட்ட சொன்னேன். தரை சமமா இருக்கான்னு பாக்குற ரசமட்டத்தை எடுத்துட்டு நேரா காருக்கே வந்துட்டாவ. "தம்பி, கூண்டை அளக்கது அப்புறம், மொதல்ல வண்டிய அளப்போம், வாட்டம் எவ்வளவுன்னு தெரியணும்லா" அப்படின்னாவ. பழைய டிவி பெட்டி அட்டைய வெட்டி டிக்கிக்குள்ள வச்சி வச்சி பாத்து அதையே அச்சா வச்சிக்கிட்டோம். 12 எம்எம் மரைன் பிளைவுட், அடியில ரெண்டு அங்குலத்துக்கு ஒரு அங்குல ரீப்பர் சட்டம் மூணு குறுக்க. 18 எம்எம் போடலாம்னு நான் சொன்னேன், வேண்டாம், கனம் ஏறிட்டா நீங்களே அதை எடுக்காம போட்ருவிய, ரீப்பர் கொடுத்தா 12 தாங்கும்னாவ, அதான் சரி, இப்ப ஒத்தை ஆளா தூக்குதேன். பலகைக்கு டிக்கி பக்கத்து கால் உயரமா, சீட்டு பக்கத்து கால் குட்டையா வச்சி, மேல ரசமட்டத்தை வச்சா குமிழ் நட்டநடுவுல நின்னுச்சு, அதைப் பாக்க அவ்வளவு சந்தோசம். சுத்தி ஒரு அங்குலத்துக்கு விளிம்பு அடிச்சோம், கூண்டு அதுக்குள்ள உக்காந்துக்கும். ரெண்டு பக்கமும் பெல்ட் நுழைய ஓட்டை. டிக்கில லக்கேஜ் கட்டுற வளையத்துல இழுத்துக் கட்டணும், எல்லா வண்டிலயும் அந்த வளையம் இருக்காது, அதைப் பாத்துட்டு வேலைய ஆரம்பிங்க. ரப்பர் கயிறு வேண்டவே வேண்டாம், அது இழுபடும்.

இனி பினிஷிங்தான் முக்கியம், இதுல அவசரப்பட்டவங்க ரொம்ப பேரு. உப்புத்தாள் 80-ம் நம்பர், அப்புறம் 120, கடைசியா 220. கைய வச்சி தடவிப் பாத்தா சிலாம்பு தெரியாது, பழைய நைலான் துணிய வச்சி இழுங்க, எங்க மாட்டுதோ அங்க இன்னும் தேய்க்கணும். பிளைவுட்டுக்கு தண்ணி ஏறுறது ஓரத்துல, வெட்டுன எடத்துல, அங்க வார்னிஷ் ரெண்டு கோட் கூடுதலா கொடுங்க, நாய் மூத்திரம் போனாலும் உள்ள எறங்காது. நம்ம ஊரு வெயில்ல காய வைக்கக் கூடாதுய்யா, மேல சீக்கிரம் காஞ்சி உள்ள ஈரம் நின்னு கொப்புளம் கொப்புளமா வந்துரும், நான் ஒரு பக்கம் அப்படிக் கெடுத்து திரும்பத் தேய்ச்சேன். நெழல்ல, காத்தோட்டமா, ஒவ்வொரு கோட்டுக்கும் நல்லா காய விட்டு, கடைசி கோட் முடிஞ்ச பொறவும் 10 நாள் மாடிப்படிக்கு அடியில போட்டிருந்தேன். நமக்கே தின்னர் வாடை தலைய வலிக்கும், மோப்பம் பிடிக்கிற சீவன் அது, பூட்டுன கார்ல அந்த வாடையோட அடைச்சா என்ன பாடுபடும்? மூக்கை ஒட்டி வச்சி மோந்து பாருங்க, துளி வாடை இருந்தாலும் ஏத்தாதிய. மேல ஒரு ரப்பர் மேட் விரிச்சா வழுக்காது, கடகடன்னு சத்தமும் வராது.

தேவையில்லாத வலி வர்ற மாதிரி விலங்கை ஏத்திட்டுப் போறது 1960-ம் வருச மிருகவதை தடுப்புச் சட்டத்துலயே குத்தம். ஆனா பாசமா வளக்கவங்ககூட தெரியாம அதைத்தான் செய்யுதோம், நானும் செஞ்சேன். கூண்டு விக்கிற கடைல இதை ஒருத்தரும் சொல்லலை. உங்க பத்திரிகைல ஒரு ஞாயித்துக்கெழமை இந்தப் பலகைய படம் வரைஞ்சி அளவோட போட்டீங்கன்னா எந்த ஊரு ஆசாரியும் அதைப் பாத்து அரை நாள்ல அடிச்சித் தந்துருவாவ. படத்துக்கு வேணும்னா எங்க அட்டை அச்சை நானே உங்க ஆபீசுல கொண்டாந்து தாரேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை