சுத்தம் செய்யாத இடத்தையும் எழுதித் தரட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சேலத்திலும் ஏற்காட்டிலும் ஓட்டல் சமையலறைகளின் எக்ஸாஸ்ட் டக்ட்டை, அதாவது புகையை வெளியேற்றும் தகட்டுக் குழாயை, சுத்தம் செய்வது என் பிழைப்பு. 19 வருடம் ஆகிறது. இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும் என்று தொழில் செய்கிறவனே கேட்பது சிலருக்கு வேடிக்கையாக இருக்கும்.

சென்ற வருடம் கோடை சீசனுக்கு முன் ஏற்காட்டில் ஒரு விடுதியில் கூப்பிட்டார்கள். "போன மாசம்தான் ஒருத்தர் வந்து சுத்தம் பண்ணிட்டுப் போனார், ஆனாலும் புகை இழுக்க மாட்டேங்குது" என்றார் மேனேஜர். அடுப்புக்கு மேல் கவிழ்ந்திருக்கும் ஹூட்டில் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. ஃபில்டர்கள்கூட காஸ்டிக்கில் ஊறிப் புதுசாகத் தெரிந்தன. ஆனால் அதற்கு மேலே டக்ட் ஃபால்ஸ் சீலிங்குக்குள் நுழைந்து, இரண்டு பெண்டு (வளைவு) திரும்பி, மொட்டை மாடிக்கு ஏறுகிறது. நடுவில் கை நுழைக்க ஒரு சின்னக் கதவுகூட இல்லை. மேனேஜரிடம் கெஞ்சி முதல் பெண்டில் தகட்டை வெட்டித் திறந்தேன். ஆறிப்போன மைசூர்பாகு மாதிரி, விரல் கனத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு. மலைக் குளிரில் தகடு சீக்கிரம் ஆறிவிடும். புகையோடு போகிற எண்ணெய் அங்கேயே படிந்து உறைந்துவிடும். கீழே கடாயில் ஒரு தடவை தீ தூக்கினால் போதும், ஃபேன் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்புறம் அந்த டக்ட்டே அடுப்புதான். சீலிங்குக்கு மேலே மர உத்தரம் வேறு.

முன்னால் வந்தவரை நான் குறை சொல்லவில்லை. நானும் முதல் நாலைந்து வருடம் ஹூட்டோடு நின்றவன்தான். சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

வயரிங் செய்ய வயர்மேன் சான்று கேட்கிறோம். பொரிக்கிற எண்ணெயில், திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் சேரும் போலார் பொருள் என்ற கழிவு 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி இருக்கிறது. அதே எண்ணெய் ஆவியாகிக் கூரைக்குள் போனால் யார் பார்க்கிறார்கள்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இந்த வேலைக்குத் தீயணைப்புத் துறையின் சான்று வேண்டும். அந்த நாட்டின் தீத்தடுப்புச் சங்கம் வகுத்த என்எஃப்பிஏ 96 என்ற விதிப்படி, விறகு, கரி அடுப்பு என்றால் மாதம் ஒருமுறை, இராப்பகலாக ஓடும் சமையலறை என்றால் 3 மாதத்துக்கு ஒருமுறை டக்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும். எனக்குப் பிடித்தது வேறொன்று: எந்த இடத்தைச் சுத்தம் செய்யவில்லை என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டுமாம்.

இங்கேயும் அப்படி வரட்டும். தேர்வைத் தமிழில், கைவேலையாக வையுங்கள். என்னோடு வரும் பையன்கள் எட்டாவதைத் தாண்டாதவர்கள், ஆனால் பெண்டுக்குள் புகுந்து சுரண்டுவார்கள். சுத்தம் செய்தவரே பரிசோதகராகவும் இருக்கக் கூடாது. தட்டுவடைத் தள்ளுவண்டிகளை இதில் இழுக்க வேண்டாம், டக்ட் உள்ள சமையலறைகளுக்கு மட்டும் போதும்.

அன்றைக்கு என் பில்லில், "இரண்டாவது பெண்டு சுத்தம் செய்யவில்லை, திறக்க வழியில்லை" என்று எழுதினேன். ஓனர் பார்த்தால் பணம் தரமாட்டார், அந்த வரியை அடித்துவிடுங்கள் என்றார் மேனேஜர். அடிக்கவில்லை. 1,500 ரூபாய் இன்னும் பாக்கி நிற்கிறது.

இப்படிக்கு,
எக்ஸாஸ்ட் சுத்தம் செய்யும் தொழிலாளி,
அம்மாபேட்டை, சேலம்.