சிஎஸ்ஆர் அதிகாரிகளே, ஜனவரிக்கு முன்பும் மாதங்கள் இருக்கின்றன

சென்னையில் கம்பெனிகளின் சிஎஸ்ஆர் நிதியை, அதாவது லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணத்தை, கையாளும் சார்களுக்கும் மேடம்களுக்கும் வணக்கம்.

பெரும்பாக்கம் குடியிருப்புப் பக்கம் சாயங்கால டியூஷன் சென்டர் நடத்தும் ஒரு சின்ன டிரஸ்டில் நிதி விண்ணப்பம் எழுதுவது என் வேலை. கூடவே வவுச்சர் ஒட்டுவது, ரிப்போர்ட் எழுதுவது, ஆடிட்டர் ஆபீசுக்கு ஓடுவது, சுண்டல் செய்யும் அக்கா லீவு போட்டால் கடலை ஊறப்போட்டாச்சா என்று பார்ப்பது எல்லாம் என் தலையில்தான். சின்ன அமைப்பு என்றால் அப்படித்தான், அதில் எனக்கு வருத்தம் கிடையாது. வருத்தம் உங்கள் காலண்டர் மேல்தான்.

ஏப்ரலில் ஆரம்பித்து டிசம்பர் வரை எப்போது மெயில் போட்டாலும் "பட்ஜெட் இன்னும் ஃபைனல் ஆகலை" என்றுதான் பதில், அதுவும் பதில் வந்தால். பொங்கல் லீவு முடிந்து ஆபீஸ் திறந்ததும் போன் அடிக்கும். வெள்ளிக்கிழமைக்குள் ப்ரபோசல் வேண்டும், நிதியாண்டு முடியும் மார்ச் 31-க்குள் பணத்தைச் செலவழித்து, எதற்குச் செலவானது என்று காட்டும் யூடிலைசேஷன் சர்டிபிகேட்டும் கொடுத்துவிட வேண்டும். ஒரு கம்பெனி மட்டும் இப்படிச் செய்தால் சமாளிக்கலாம். கிண்டி, அம்பத்தூர், ஓஎம்ஆர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே வாரத்தில் வந்தால், அந்த வாரம் பிள்ளைகளுக்குப் பாடம் நடந்ததா என்று யார் பார்ப்பது?

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறது. எங்களுக்கு டீச்சர் சம்பளம் தேவைப்படுவது அப்போதிலிருந்துதான். உங்கள் பணம் வருவது பிப்ரவரி கடைசியில், பத்தாவது பிள்ளைகள் பப்ளிக் எக்ஸாமுக்கு விழுந்து விழுந்து படிக்கும் நேரத்தில். நாலைந்து வாரத்துக்குள் செலவழிக்க வேண்டும் என்றால் பொருள்தான் வாங்க முடியும். அடுத்த பத்து மாதச் சம்பளத்தை மார்ச்சிலேயே கொடுத்துவிட்டதாகக் கணக்கு எழுத முடியாது. அதனால்தான் இந்த ஊரில் பல டியூஷன் சென்டர்களில் வாத்தியார் இல்லை, ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. நாங்கள் ஒருமுறை இரண்டு டீச்சர்களுக்குச் சம்பளம் கேட்டோம். வந்தது பையும் தண்ணீர் ஃபில்டரும். ஒரே ஃபேன் ஓடும் தரைத்தள அறை எங்களுடையது, அந்த ஃபில்டரை மாட்டக் குழாயே கிடையாது என்று ப்ரபோசலிலேயே எழுதியிருந்தோம். யாரும் படிக்கவில்லை போல. ஆனால் பேனர் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நிற்கும் போட்டோ மட்டும், எடுத்த இடத்தைக் காட்டும் ஜியோ டேக் போட்டு, அன்றைக்கே வேண்டும் என்றார்கள்.

"சட்டம் அப்படி, நாங்க என்ன பண்றது" என்பீர்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை சார். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135, முந்தைய மூன்று வருட சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிடச் சொல்கிறது. முந்தைய மூன்று வருடம் என்பதால் ஏப்ரல் பிறக்கும்போதே உங்கள் தொகை ஏறக்குறைய தெரிந்துவிடும். 2021-இல் திருத்திய விதிகளின்படி உங்கள் சிஎஸ்ஆர் கமிட்டி வருடாந்திர செயல்திட்டம் ஒன்றையும் தயாரித்து இயக்குநர் போர்டுக்குப் பரிந்துரைக்க வேண்டும். அப்புறம் எதற்கு டிசம்பர் வரை "ஃபைனல் ஆகலை"?

மார்ச் 31 பயத்துக்கும் வழி அதே சட்டத்தில் இருக்கிறது. தொடர் திட்டம் என்று போர்டு ஏற்றுக்கொண்டால், தொடங்கிய வருடம் போக இன்னும் மூன்று வருடம் வரை அதை நடத்தலாம். வருடக் கடைசியில் மீதமிருக்கும் தொகையை ஏப்ரல் 30-க்குள் தனிக் கணக்குக்கு மாற்றினால் போதும். தொடர் திட்டம் இல்லையென்றால்தான் மிச்சப் பணம் ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிட்ட நிதிகளில் ஒன்றுக்குப் போக வேண்டும். பிள்ளைகளின் படிப்பைவிடத் தொடர் திட்டம் வேறு என்ன வேண்டும்? தனிக் கணக்கு தொடங்குவது கூடுதல் பேப்பர் வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். அந்த வேலையைத் தவிர்க்கத்தான் எங்களைப் பிப்ரவரியில் ஓடவிடுகிறீர்கள் என்பது என் சந்தேகம்.

இன்னொன்று, அந்த 5 சதவீதம். பட்ஜெட்டில் அக்கவுண்டன்ட் சம்பளம் என்று ஒரு வரி போட்டாலே "அட்மின் காஸ்ட் 5 பர்சன்ட்டுக்கு மேல போகக்கூடாது, அது ரூல்" என்று அடித்துவிடுகிறீர்கள். விதியில் இருக்கும் 5 சதவீதம் உங்கள் கம்பெனி தன் சிஎஸ்ஆர் நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்கான உச்சவரம்பு. எங்களைப் போல திட்டத்தைச் செயல்படுத்தும் அமைப்பின் நிர்வாகச் செலவு அந்தக் கணக்கில் வராது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் வெளியிட்ட கேள்வி பதிலிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எங்களுக்குக் கொடுக்க மனமில்லை என்றால் அப்படியே சொல்லிவிடுங்கள், விதி மேல் பழி போட வேண்டாம். வவுச்சர் சரியாக இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிப்போர்ட் வேண்டும், எக்செல் ஷீட்டில் பைசா சுத்தமாகக் கூட்டல் வர வேண்டும் என்று கேட்கிற நீங்கள், அதைச் செய்கிற ஆளுக்கு மட்டும் சம்பளம் தர மாட்டேன் என்றால் எப்படி?

பேப்பர் விஷயத்தில் அதிகம் புலம்பப் போவதில்லை. 12ஏ, 80ஜி என்ற வருமான வரிச் சான்றுகள், சிஎஸ்ஆர் பணம் வாங்க அமைச்சகத்தில் பதிவு செய்த சிஎஸ்ஆர்-1 நம்பர், பான், டிரஸ்ட் டீட், மூன்று வருட ஆடிட் ரிப்போர்ட், இதெல்லாம் கேட்பது நியாயம், கேட்காமல் கொடுத்தால்தான் தப்பு. ஆனால் அதே பேப்பர்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு போர்ட்டலில், ஒவ்வொரு சைஸில் கேட்கிறீர்கள். ஆடிட்டர் கையெழுத்தும் சீலும் போட்ட ரிப்போர்ட்டை ஸ்கேன் செய்தால் பெரிய ஃபைலாகத்தான் வரும். அதை 2 எம்பிக்குச் சுருக்கினால் சீலும் தெரியாது, எண்ணும் தெரியாது, அப்புறம் "கிளியராக இல்லை, மறுபடி அனுப்பவும்" என்று மெயில் வரும். சென்னையில் இருக்கிற நாலைந்து கம்பெனிகளாவது உட்கார்ந்து பேசி ஒரே செக்லிஸ்ட் வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

உங்களால் வேகமாக முடிவெடுக்க முடியாது என்று நான் நம்பவில்லை. 2015 வெள்ளத்திலும் 2023-இல் மிக்ஜாம் புயலிலும் பார்த்தோமே. எத்தனை பாய், எத்தனை போர்வை, அரிசி எவ்வளவு என்று காலையில் போன், மறுநாள் தெருமுனையில் லாரி. அன்றைக்கு போர்ட்டலும் இல்லை, கான்செப்ட் நோட் என்ற திட்டச் சுருக்கமும் இல்லை. அந்த வேகத்தில் பாதி ஜூலையில் இருந்தால் போதும், மழை வருவதற்குள் எங்கள் டீச்சருக்கு வேலை நிச்சயமாகிவிடும்.

நிராகரிப்பதாக இருந்தால் ஒரு வரி போட்டுவிடுங்கள். வராது என்று தெரிந்தால் வேறு கதவைத் தட்டுவோம். பதிலே இல்லாமல் "பரிசீலனையில்" என்று போர்ட்டலில் மாதக்கணக்கில் காட்டிக்கொண்டிருப்பதை நம்பித்தான் எத்தனையோ டிரஸ்டுகள் ஆட்களை நிறுத்தாமல் வைத்திருந்து, கடைசியில் சம்பளம் கொடுக்கக் கைமாற்று வாங்குகின்றன.

அதனால் உங்கள் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு விஷயங்களை மட்டும் அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்: விண்ணப்பத்தை மேயில் திறந்து ஜூலைக்குள் முடிவு சொல்வது, படிப்பு சம்பந்தப்பட்டதைத் தொடர் திட்டமாக எடுத்துக்கொள்வது. கூட்டத்தில் யாராவது நடைமுறை தெரியாமல் பேசுகிறோம் என்று சொன்னால் எங்களைக் கூப்பிடுங்கள். சனிக்கிழமை தவிர எந்த நாளும் வரலாம், சனிக்கிழமை பிள்ளைகளுக்கு டெஸ்ட்.

இப்படிக்கு,
பெரும்பாக்கத்திலிருந்து ஒரு விண்ணப்பதாரர்