பின் கதவு பீடிங்

அம்பாசமுத்திரம்
கார்த்திகை 8

அன்புள்ள செல்வத்துக்கு,

இங்கு நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். தீபாவளிக்கு வந்துபோன பிறகு உன்னிடமிருந்து போன் இல்லை. வேலை இருக்கும். பாப்பாவுக்கு ஸ்கூல் லீவு இல்லை, அதனால் அவர்கள் வரவில்லை என்றாய். தீபாவளிக்கு லீவு விடாத ஸ்கூல் எது என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அது கிடக்கட்டும், நான் எழுதுவது வண்டி விஷயமாக.

நீ தூங்கும்போது வண்டியைத் துடைக்கப் போனேன். இடது பின் கதவைத் திறந்ததும் புழுங்கல் நாற்றம். கால்மிதியைத் தூக்கினால் கார்பெட் சொதசொதவென்று இருந்தது. முன்னால் ஈரமென்றால் ஏசித் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கலாம். பின்னால் என்றால் முதலில் கதவைத்தான் பார்க்கவேண்டும். பத்து ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தேன். மற்ற மூன்று கதவிலும் பிடித்தது. அதில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளும் மண்ணாய் அடைத்திருந்தன. ஈர்க்குச்சியால் குத்திவிட்டேன்.

கதவைச் சுற்றி ஓடுகிற ரப்பர் பட்டை இருக்கிறதே, அந்தப் பீடிங்கை ஷாம்பு தண்ணீரில் துடை, காயவிடு, துணியில் சிலிகான் ஸ்பிரே அடித்து லேசாகத் தடவு. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். கிரீஸ், தேங்காய் எண்ணெய் கிட்டவே கொண்டுபோகாதே. ரப்பர் உப்பி, பிறகு தளர்ந்துவிடும். அந்தக் கதவுக்குக் கிரீஸ் போட்டது நான்தான். உன்னிடம் வண்டியைக் கொடுக்குமுன், கீச்சென்று சத்தம் வரவேண்டாமே என்று. முப்பத்தைந்து வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன் செய்கிற வேலையா இது?

பின் சீட்டில் தலையணை, போர்வை, உன் ஷேவிங் செட் இருந்தன. எதையும் நான் தொடவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

பொதுவாகச் சொல்கிறேன். வண்டிக்குள் படுக்கிற யாராக இருந்தாலும் ஏசி போட்டுக்கொண்டு தூங்கக்கூடாது. எஞ்சின் ஓடும்போது புகை உள்ளே வந்தால் தெரியாது. ஆளைக் கொல்கிற அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. எஞ்சினை அணைத்துவிடவேண்டும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைக்கவேண்டும். பீடிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

நீ மூன்றாவது படிக்கும்போது நான் பத்து நாள் பெங்களூர் சவாரி போனேனே, ஞாபகம் இருக்கிறதா? போகவில்லை செல்வம். அம்பாசடர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் நின்றது. சீட்டுப் பணம் போன கதையை அம்மாவிடம் சொல்ல வாய் வராமல், முன் சீட்டில் முடங்கிக் கிடந்தேன். அதுவும் ஒழுகுகிற வண்டி. பெங்களூர் பொம்மை என்று உனக்குக் கொடுத்தது இங்கே சந்தையில் வாங்கியது. கடைசியில் உன் அம்மாதான் தூக்குச்சட்டியோடு வந்து கண்ணாடியைத் தட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. "சாப்பிட்டுட்டு வாங்க" என்றாள். அவளாக வரும்வரை நான் போகவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

திருநெல்வேலியில் புது பீடிங் வாங்கி வைத்திருக்கிறேன். நீயே மாட்டாதே, இழுத்து மாட்டினால் நாளைக்குச் சுருங்கி மூலையில் விட்டுவிடும். வண்டியைக் கொண்டு வா. ஒரு மணி நேர வேலைதான், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ. மாடி அறை சும்மாதான் கிடக்கிறது.

அதுவரை கண்ணாடியை இரண்டு விரல் இறக்கியே வை. மழை உள்ளே அடித்தாலும் பரவாயில்லை.

அப்பா