கம்மிங் சதுக்கத்துக்குப் போகிறோம்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

வரும் மாதம் இரண்டாம் சனிக்கிழமை ஏழாம், எட்டாம் நிலை மாணவர்களுக்கு வகுப்பறையில் பாடம் இல்லை. நம் ஜார்ஜியா மாநிலத்தின் கம்மிங் நகரச் சதுக்கத்துக்கு அழைத்துப் போகிறோம். அங்கே 2021-இல் வைத்த நினைவுப் பலகையைப் பிள்ளைகள் படித்து, அதைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம் எழுத வேண்டும்.

1912 செப்டம்பரில் ராப் எட்வர்ட்ஸ் என்ற கறுப்பின இளைஞரை ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துவந்து கொன்று, அந்தச் சதுக்கத்தில் கம்பத்தில் தொங்கவிட்டது. அடுத்த சில வாரங்களில், கம்மிங் இருக்கும் ஃபோர்சைத் கவுண்டியில் (மாவட்டத்தில்) வாழ்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் வீடு, நிலம், விளைந்த பயிர் எல்லாவற்றையும் விட்டு ஓட வேண்டியதாயிற்று. 1987-இல் இனவெறியை எதிர்த்து இங்கே சகோதரத்துவ ஊர்வலம் வந்தவர்கள் மீது வெள்ளை இனவெறியர்கள் கல் வீசினார்கள். அடுத்த வாரமே சுமார் 20,000 பேர் திரண்டு வந்து நடந்தார்கள். அதற்கும் 34 ஆண்டு கழித்துத்தான் பலகை வந்தது.

இப்படிக் கும்பல்கள் கொன்ற கறுப்பின மக்களுக்காக அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரியில் 2018-இல் திறந்த நினைவிடத்துக்குப் போயிருக்கிறேன். கவுண்டிக்கு ஒன்றாக எண்ணூறுக்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள். முதலில் ஆள் உயரத்துக்கு நேராக நிற்கும். நடக்க நடக்கத் தரை இறங்கிக்கொண்டே போகும், தூண்கள் தலைக்கு மேல் தொங்கும். பக்கத்து அருங்காட்சியகத்தில், கொலை நடந்த இடங்களின் மண்ணைக் கண்ணாடி ஜாடிகளில் பெயர் எழுதி அடுக்கியிருக்கிறார்கள். ஊர் மக்களே போய்த் தோண்டி எடுத்துவந்த மண். சிவப்பு, கறுப்பு, வெளிர் மஞ்சள் என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

"நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று இரண்டு பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1946-இல் இந்தியர்களுக்கு அமெரிக்கா ஒதுக்கிய குடியேற்ற இடங்கள் ஆண்டுக்கு வெறும் 100. அந்த ஒதுக்கீட்டு முறையை நீக்கிய 1965 சட்டம், கறுப்பின மக்கள் உரிமைக்காகப் போராடி உண்டாக்கிய சூழலில்தான் வந்தது. நாம் இங்கே வந்தது அந்த வழியாகத்தான். விரட்டப்பட்டவர்கள் உழுத கவுண்டியில்தான் நம் வீடுகளும் இருக்கின்றன. பிள்ளைகள் இதை நம்மிடமிருந்து கேட்பதுதான் சரி என்று நினைக்கிறேன்.

கொடூரமான படங்கள் எதையும் காட்ட மாட்டோம். வீட்டுக்கு வந்து பிள்ளை ஏதாவது கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். தெரியாவிட்டால் சேர்ந்து தேடிப் படியுங்கள்.

காலை 10 மணிக்குக் கிளம்புகிறோம். தண்ணீரும் நோட்டும் கொடுத்தனுப்புங்கள். கார் ஓட்ட நான்கு பேர் தேவை, வர முடிந்தவர்கள் வெள்ளிக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்