விளக்கைப் போட்டுக்கொண்டு பேசு

சாம்ட்ரெடியா, ஜார்ஜியா, நவம்பர்

என் தெதிகோ,

உனக்கான பொட்டலம் போலந்துக்கு வருகிற வேனில் கிளம்பிவிட்டது. இரண்டு ஜாடி த்கெமாலி, நம் புளிப்புப் பிளம் சாஸ், பாட்டி போட்ட சீஸ், வால்நட்டைக் கோத்துத் திராட்சைக் கூழில் முக்கிய சுர்ச்கேலா பன்னிரண்டு. இந்த வருஷம் இசபெல்லா திராட்சை நன்றாகக் காய்த்தது. சாற்றில் மாவைப் போட்டுக் கிளறும்போது கொஞ்சம் கட்டி தட்டிவிட்டது. உன் தங்கை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள், கை நின்றுவிட்டது. வால்நட் நம் மரத்துக் காய்தான். அதில் குறை சொல்ல முடியாது.

வீட்டில் எல்லோரும் நலம். அப்பாவுக்கு இடுப்பு வலி, வழக்கம்போல் வெளியே சொல்வதில்லை. பின்பக்கக் கூரையைப் பிரித்து மாற்றியாகிவிட்டது. நீ அனுப்பிய பணத்தில் மிச்சம் இருக்கிறது, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அப்புறம், அங்கே கரண்ட் கட்டணம் ரொம்ப அதிகமோ? கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நீ கூப்பிடும்போது இங்கே பதினொன்று, அங்கே எட்டு. எட்டு மணிக்கு ஏன் உன் அறை இருட்டாக இருக்கிறது? மூன்று வாரமாக உன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. "கேமரா சரியில்லை அம்மா" என்றாய். சரி. தங்கையிடம் பேசும்போதும் சரியில்லை. நாம் மண்ணெண்ணெய் விளக்கில் சோறு தின்ற காலத்தில்கூட உன் முகம் எனக்குத் தெரிந்தது. குழந்தையாக இருந்தபோது நீ கரண்ட் வந்தால் கை தட்டுவாய். இன்று உனக்கு இருட்டு எதற்கு?

முன்பெல்லாம் நான் தெதிகோ என்று கூப்பிட்டால் உன் கூட இருக்கிற பையன்கள் சிரிப்பார்கள், தெதிகோ என்றால் அம்மாதானே, அம்மா மகனை அம்மா என்று கூப்பிடுகிறாளே, ஜார்ஜியாவில் எல்லோரும் இப்படியா என்று. அந்தச் சிரிப்புச் சத்தமும் இப்போது கேட்பதில்லை. நீ தனியாக உட்கார்ந்துதான் பேசுகிறாய்.

நன்றாகச் சாப்பிடு. தூங்கு. தூக்கம் வருகிறதா?

அந்தக் கால்பந்து மேட்சைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அப்பாவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் இணையத்தில் அது கிடக்கிறது, எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம், பார்த்தேன். கார்னர் வருகிறது, நீயும் அந்தப் பத்தாம் நம்பர்க்காரனும் ஒரே பந்துக்கு எழும்புகிறீர்கள். பந்துக்கு முன்னால் தலையும் தலையும் மோதுகின்றன. அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறான். நீ கத்தவில்லை. எழுந்தாய், காலுறையை இழுத்துவிட்டாய், எதிரணி கோல் பக்கம் நாலு எட்டு நடந்தாய். உங்கள் கோல்கீப்பர் கூப்பிட்டபிறகுதான் திரும்பினாய். நீ நிற்க வேண்டிய இடம் உனக்கே தெரியவில்லை. இதை வேறு யாராவது கவனித்தார்களா என்று எனக்குத் தெரியாது. டாக்டர் என்று ஒருவர் ஓடி வந்து ஏதோ கேட்டார், நீ தலையாட்டினாய், அவர் போய்விட்டார். கடைசிவரை ஆடினாய். அடுத்த வாரமும் ஆடினாய், அதற்கடுத்த வாரமும்.

ஊரில் எல்லோரும் "இரும்புத் தலை" என்கிறார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. பேக்கரியில் அந்த அம்மா ரொட்டிக்குக் காசு வாங்க மறுத்தாள். கலாட்ஸேக்குப் பிறகு நம் ஊர்ப் பையன் வெளியூரில் ஆடுகிறான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சாம்ட்ரெடியாவில் பிறந்தவன் மிலானில் ஆடி 2003-லும் 2007-லும் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினான், உண்மைதான். ஆனால் அவன் மிலானுக்குப் போன அதே 2001-ல் அவன் தம்பியைக் கடத்திக்கொண்டு போனார்கள், அந்தப் பிள்ளை உயிரோடு திரும்பவே இல்லை. கோப்பையைக் காட்டும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாயின் நினைப்புதான் வரும்.

நம் நாட்டு டிஃபெண்டர் லோச்சோஷ்விலியை நினைத்துப் பார். 2022 பிப்ரவரியில் ஆஸ்திரியாவில் எதிரணி ஆள் ஒருவன் மோதி மயங்கி விழுந்தபோது, லோச்சோஷ்விலி ஓடிப்போய்த் தாடையைத் திறந்து, தொண்டைக்குள் போன நாக்கை விரலால் வெளியே எடுத்தான். ஃபிஃபா அவனுக்கு விருது கொடுத்தது. அன்று நம் வீட்டிலும் கிளாஸ் உயர்த்தினோம், நினைவிருக்கிறதா? நீதான் ஃபோனில் முதலில் சொன்னாய், "அம்மா, டிஃபெண்டர் என்றால் அதுதான்" என்று. அவன் யாரோ ஒருவனுக்குச் செய்தான். உன் பக்கத்தில் நின்றவர்கள் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.

தேசிய அணிக்கு ஆள் தேடுகிறவர்கள் மேட்ச் பார்க்க வருவார்கள், இப்போது பெஞ்சில் உட்கார்ந்தால் பெயர் போய்விடும் என்று நினைக்கிறாய். நீ சொல்லவில்லை, எனக்குத் தெரியும். 2024 மார்ச்சில் கிரேக்கத்தை பெனால்ட்டியில் ஜெயித்து நம் அணி யூரோ என்கிற ஐரோப்பியப் போட்டிக்குத் தேர்வான இரவு நீ அழுதாய், சந்தோஷத்தில் மட்டுமில்லை. அந்த மைதானத்தில் நீ இல்லையே என்றும்தான். ஆனால் காஷியாவைப் பார். யூரோவில் நம் கேப்டனாக இறங்கியபோது 36 வயது. உனக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது! ஒரு மாதம் போனால் என்ன போய்விடும்?

தங்கை ஏதோ படித்துக் காட்டினாள். கிளாஸ்கோவில் பழைய கால்பந்து வீரர்களை ஆராய்ந்திருக்கிறார்கள். மூளை தேயும் நோயால் சாகிறவர்கள் மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்று 2019-ல் சொன்னார்கள். 2021-ல் இடம் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது கோல்கீப்பர்களுக்கு அந்தக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை, அந்த நோய் வருவது டிஃபெண்டர்களுக்குத்தான் மிக அதிகம், ஐந்து மடங்கு. தாத்தாவிடம் சொன்னோம். அவர் 1981-ல் நம் திபிலிசி டினாமோ ஐரோப்பாவின் கப் வின்னர்ஸ் கோப்பையை ஜெயித்த டூசெல்டார்ஃப் ஃபைனலை டிவியில் பார்த்தவர், அந்த அணிக் கேப்டன் சிவாட்ஸேயைத் தவிர யாரையும் டிஃபெண்டர் என்று ஒத்துக்கொள்ளாதவர். "சிவாட்ஸே பந்து வருகிற இடத்தில் முன்னாலேயே நிற்பான், முட்ட வேண்டியதே இல்லை" என்றார். அப்புறம் வெளியே போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

முதல் அடி ஆறுவதற்குள் இன்னொரு அடி படக்கூடாது, அதுதான் பெரிய ஆபத்தாம். வெளிச்சம் பிடிக்காது, சத்தம் பிடிக்காது, தூக்கம் கெடும், சும்மா கோபம் வரும். தங்கை ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க நான் உன் இருட்டு அறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வாரம் நீ அவளிடம் கத்தினாயாமே, அவள் சொல்லவில்லை, நானே கேட்டேன். நீ கத்துகிற பிள்ளை இல்லை.

தூங்கு. பழங்கள் சாப்பிடு. டாக்டரிடம் போ, கிளப் டாக்டர் வேண்டாம், வேறு டாக்டர்.

இதையெல்லாம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, அதனால்தான் ஃபோனில் சொல்லவில்லை. 2010 வசந்தம், குத்தைசி மேட்ச். உனக்குப் பதின்மூன்று. அந்தத் தடியன் முட்டித் தள்ளி நீ விழுந்தாய். திரும்பி வரும்போது வேனில் "ஸ்கோர் என்ன அம்மா" என்று மூன்று முறை கேட்டாய். மூன்று முறையும் ஒன்றுமே நடக்காத மாதிரி பதில் சொன்னேன். ராத்திரி இரண்டு தடவை வாந்தி. ஜன்னல் வெளிச்சம் குத்துகிறது என்றாய், கம்பளியை மாட்டினேன். மறுநாள் திபிலிசியில் அகாடமித் தேர்வு. "அப்பாதான் என்னை எழுப்பி அனுப்பினார்" என்று நீ எல்லா விருந்திலும் சொல்கிறாய். இல்லை. அப்பா வேண்டாம் என்றார். வாந்தி எடுத்ததை அவரிடம் மறைத்தது நான். விடியுமுன் உன் முகத்தைக் கழுவி, வேனில் ஏற்றிவிட்டு, "கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்" என்றேன். நாலு மணி நேரப் பயணம். நீ அப்படியே சொன்னாய். தேர்வானாய். அந்த வருஷம் வீட்டில் எதுவும் இல்லை, நீ தேர்வாக வேண்டியிருந்தது. அப்பாவுக்குப் பிறகு தெரிந்துவிட்டது. இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. விருந்தில் நீ அவரைப் புகழும்போது தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார், கவனித்திருக்கிறாயா?

அந்த டாக்டரிடம் தலையாட்டினாயே, அது நான் சொல்லிக்கொடுத்தது.

பொட்டலத்தின் அடியில், சுர்ச்கேலாவுக்குக் கீழே ஒரு தாள் இருக்கும். புது டாக்டரிடம் காட்ட வேண்டியதை எல்லாம் தங்கை ஃபோனில் மொழிபெயர்த்து போலிஷில் எழுதியிருக்கிறாள், எப்போது அடிபட்டது, அதற்குப் பிறகு எத்தனை மேட்ச் ஆடினாய், வெளிச்சம், தூக்கம் எல்லாம். முதல் வரியை மட்டும் அவள் சொல்லச் சொல்ல நானே எழுதினேன். 2010, தலையில் அடி, இரண்டு முறை வாந்தி, டாக்டரிடம் காட்டவில்லை. கையெழுத்து கோணலாக இருக்கிறது, அவருக்குப் புரியாவிட்டால் நீ படித்துச் சொல்.

அம்மா