வெடேலியா ஏன் தருவதில்லை, அதற்குப் பதில் என்ன நடலாம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

இந்த ஆண்டு முதல் நம் நர்சரியில், தரையை மூடிப் படரும் வெடேலியா கொடி கிடைக்காது. "மஞ்சள் பூ பூக்குமே, கிள்ளி வைத்தாலே வந்துவிடுமே, அதைத்தான் கேட்டேன்" என்று வருபவர்களை வெறுங்கையோடு அனுப்ப எங்களுக்கும் மனம் வருவதில்லை. அதனால் காரணத்தை விவரமாகச் சொல்லிவிடுகிறோம்.

வெடேலியா கொடி ஒன்றைக் கையில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். மண்ணைத் தொட்ட ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கியிருக்கும். கவாத்து செய்து வெளியே வீசும் துண்டில் ஒரு கணு இருந்தாலும் போதும், ஈரம் பட்டதும் அது தனிச் செடி. வேளச்சேரி வாடிக்கையாளர் ஒருவர் மதில் ஓரத்தில் நட்டது பக்கத்துக் காலி மனை முழுக்கப் பரவிவிட்டது. கீழே அருகம்புல்கூட மிஞ்சவில்லை என்று வந்து சொன்னார். மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள் பக்கத்துச் செடி இது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று ஐ.யு.சி.என். (சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) வெளியிட்ட பட்டியலில் இதுவும் இருக்கிறது. உண்ணிச்செடியும் அதே பட்டியலில்தான். அதுவும் ஒரு காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்த செடிதானே? இன்று முதுமலையில் யானைக்கும் மானுக்கும் புல் முளைக்க வேண்டிய இடத்தில் அது புதராக நிற்கிறது.

எங்களை அதைவிடக் கவலைப்பட வைத்தது வேறொன்று. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்து வெடேலியா இலையைப் பறித்துச் சமைப்பவர்கள், எண்ணெய் காய்ச்சுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் நெருங்கிய உறவுச் செடிகள், ஆனால் ஒன்றல்ல. வெடேலியா இலை தடிப்பாகப் பளபளக்கும், இரண்டு பக்கமும் காது போலப் பிரிந்து மூன்று மடலாக இருக்கும். கரிசலாங்கண்ணி இலை ஒடுக்கமானது, அப்படிப் பிரியாது, பூவும் சிறியது. சந்தேகம் இருந்தால் ஒரு கிளையை எடுத்து வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம். அதுவரை சமையலுக்கு வேண்டாம்.

சரி, வெறும் தரையை எதைக் கொண்டு மூடுவது?

நல்ல வெயில் விழும் இடத்துக்கு நாங்கள் முதலில் கைகாட்டுவது அராகிஸ், அதாவது பீநட் கிராஸ். பிரேசில் நாட்டுச் செடி, நம் வேர்க்கடலையின் உறவு. பூ அதே மஞ்சள்தான். வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்து வைப்பதால் உரச் செலவு குறைவு. புல்வெளி போல அடிக்கடி வெட்டவும் வேண்டாம். ஆனால் ஆரம்பத்தில் பொறுமை வேண்டும். முக்கால் அடிக்கு ஒன்றாக நட்டுவிட்டு, "சார், ஒண்ணும் நகரலையே" என்று ஃபோன் செய்யாதவர் குறைவு. முதலில் வேர் பிடிக்கும், பிறகுதான் ஓடும். அதுவரை இடையில் களை எடுத்துத்தான் ஆக வேண்டும். இந்த வேலையைத் தள்ளிப்போட்ட தோட்டங்களில் கோரை முந்திக்கொண்டது. நட்ட புதிதில் கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்தவர்களின் தோட்டத்தில் இன்று மண்ணே தெரியவில்லை.

ஆள் நடமாடும் இடமென்றால் பொடுதலை. தலைக்கு எண்ணெய் காய்ச்சும் அதே பொடுதலைதான். நம் ஊர் வயல் வரப்பில் தானாக வளரும் செடிக்குக் காசா என்று சிலர் தயங்கினார்கள். ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கத்து மணலில் நட்டவர்கள் இப்போது மறுபடி வந்து வாங்கிப் போகிறார்கள். காலால் மிதித்தாலும் எழுந்துகொள்கிறது, உப்புக் காற்றையும் தாங்குகிறது. அதன் குட்டிப் பூக்களைத் தேடித் தேனீயும் சின்ன வண்ணத்துப்பூச்சிகளும் வரும். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடமாக இருந்தால், தேனீ வரும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மணிப் பூவை மழைக்காலம் முடியும்வரை தரையில் நட வேண்டாம். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்றால், அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அந்தச் சதைப்பற்றுள்ள தண்டு இவ்வளவு ஈரத்தில் அழுகிவிடும். தொட்டியில் வைத்து மழைக்கு ஒதுக்கிக் காப்பாற்றுங்கள். தை பிறந்ததும் கிள்ளி நட்டால் கோடை முழுக்கப் பூக்கும்.

மர நிழலுக்கு, இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும் ரியோ நன்றாக வருகிறது. அதன் சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், செடியைக் கடிக்கும் நாய்க்குட்டிக்கும் ஆகாது. வீட்டில் நாய் இருந்தால் முன்பே சொல்லுங்கள், வேறு செடி தருகிறோம்.

அரைநிழலில் எங்களுக்கு மிகவும் பிடித்தது கனகாம்பரம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்த செடி, பல ஆண்டு நிற்கும், தலைக்கும் சூடலாம். நன்றாக இருந்த செடி திடீரென்று வெளுத்துக் குன்றுகிறது என்று நிறையப் பேர் சொல்கிறீர்கள். ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தால் அது நூற்புழு. மேலே எந்த மருந்து தெளித்தாலும் பயனில்லை. அந்தச் செடியை அகற்றிவிட்டு, அங்கே ஒரு பருவம் செண்டுமல்லி போடுங்கள், புழு குறையும். டெல்லி கனகாம்பரம் வாங்கியவர்கள் விதைக்காகக் காத்திருக்க வேண்டாம். அது விதை கட்டாது, கட்டிங் வைத்துத்தான் பெருக்க வேண்டும்.

ஏற்கெனவே வெடேலியா வைத்திருப்பவர்கள் பதற வேண்டாம். ஒரு மழை பெய்து மண் இளகியதும் வேரோடு இழுத்து எடுங்கள். உரக்குழியிலோ காலி மனையிலோ கொட்டாமல், கறுப்புப் பையில் கட்டி மொட்டைமாடி வெயிலில் போட்டு, மொறுமொறுவென்று காய்ந்த பிறகு அப்புறப்படுத்துங்கள். விட்டுப்போன கணு மறுபடி துளிர்க்கும், அதையும் அவ்வப்போது எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

செடி வாங்க வரும்போது, நடப்போகும் இடத்தைக் காலை பத்து மணிக்கு ஒன்று, மாலை மூன்று மணிக்கு ஒன்று என்று இரண்டு படம் எடுத்து வாருங்கள். ஒரு பிடி மண்ணும் கொண்டு வந்தால், எந்தச் செடி, எத்தனை கவர், எவ்வளவு மணல் கலக்க வேண்டும் என்று அங்கேயே கணக்குப் போட்டுத் தந்துவிடுவோம்.

அன்புடன்,
நர்சரி குடும்பத்தினர்